சொன்னால் என்ன நஷ்டம்? ஓர் ஓட்டக்காரியின் கால் எலும்பும் அவள் போட்ட கணக்கும்

இந்த ஆய்வில் வரும் பெண்ணுக்கு அப்போது 19 வயது. வீடு கோலாலம்பூரின் செந்தூலில், படிப்பு பல்கலைக்கழக முதலாண்டு, ஓட்டம் 800 மீட்டர். இடது கீழ்க்காலின் உள்பக்க எலும்பில் வந்த வலியோடு மூன்று மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறாள். பயிற்சியாளரிடமோ வீட்டிலோ வாய் திறக்கவில்லை. கடைசியில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, காயம் எலும்பில் விரிசல் கோடு விழுவதற்கு ஒரு படி முன்னால் நின்றது. நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். அப்படித்தான் என்னிடம் வந்தாள். அவளும் வீட்டாரும் பயிற்சியாளரும் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருத்துவக் கண்ணோடு பார்த்தால் இது அபூர்வமான கேஸ் இல்லை. நடுத்தூரமும் நெடுந்தூரமும் ஓடும் பெண்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். என்னை எழுத வைத்தது வேறு. அவளைப் பற்றி விசாரித்தபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அவ வைராக்கியக்காரி. அதான் சொல்லல." இந்த விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொன்னால் எது போகும், சொல்லாவிட்டால் எது போகும் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். வாயை மூட வைத்தது அந்தக் கணக்கு. அதில் பெரும்பகுதி சரியாகவும் இருந்தது.

குழுவும் சாரும்

பயிற்சியாளர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பிள்ளைகளுக்கு அவர் 'சார்'தான். 'கோச்' என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. காசு வாங்குவதில்லை. ஸ்பைக் வாங்க முடியாத பிள்ளைக்குத் தன் பென்ஷனிலிருந்து வாங்கிக் கொடுப்பார். மழை வந்தால் திடலின் கூரைக்கடியில் எல்லோரையும் உட்கார வைத்துக் கதை சொல்லுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதைகளில் பயிற்சியாளரை வில்லனாக்கிவிட்டால் படிக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

சார் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர், வெறுங்காலோடு செம்மண் சாலையில் ஓடிப் பழகியவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசன் 100, 200, தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வாங்கியபோதும், ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கியபோதும் சின்னப் பையனாக ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நின்றதை, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொல்லிவிடுவார். கஷ்டம் தெரிந்தவன்தான் ஓடுவான் என்பது அவர் கட்சி. 'பறக்கும் டாக்டர்' என்று பேர் வாங்கிய அந்த மனிதரிடமிருந்து சார் பறப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு டாக்டரை விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றும். அவரிடமே சொல்லியிருக்கிறேன், சிரித்தார்.

நவம்பர் முதல் மார்ச் வரை

பிப்ரவரி கடைசியில் கூட்டரசுப் பிரதேசக் குழுவுக்கான தேர்வு ஓட்டம். மாநிலங்களுக்கிடையே நடக்கும் மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மாவுக்குப் போவதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவு செய்யும். அதை மனத்தில் வைத்து அக்டோபரில் பயிற்சியைக் கூட்டினார்கள். வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் ஆறே வாரத்தில் 65க்கு வந்துவிட்டாள். இது வேகமான ஏற்றம்தான், ஆனால் கேள்விப்படாத ஏற்றமில்லை. இதே அட்டவணையில் ஓடிய மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் கடைசியில் வலி தொடங்கியது. முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும். பிறகு ஓட்டத்தின் தொடக்கத்தில் வந்து, உடம்பு சூடானதும் மறைந்தது. ஜனவரியில் தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே வந்தது. ஜனவரி பிற்பகுதியில் படுத்திருக்கும்போதும் வலித்தது. எலும்பு சம்பந்தப்பட்ட காயத்தின் படிப்படியான நடை இதேதான். பாடப்புத்தகத்தில் போடலாம்.

இடையில் டிசம்பரில் விரதம் தொடங்கியது. அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது அம்மா பத்துமலை முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். தாயும் மகளும் பால்குடம் எடுப்பதாக நேர்த்தி. 48 நாள் சைவம், அதில் கடைசி மூன்று வாரம் ஒரு வேளைச் சாப்பாடு. ஜனவரி கடைசியில் வந்த தைப்பூசத்தன்று 272 படியும் ஏறிப் பாலைச் செலுத்திவிட்டு வந்தாள். மறுநாள் மாலை 400 மீட்டரை ஆறு தடவை ஓடினாள்.

தேர்வு ஓட்டத்தில் 2 நிமிடம் 14 வினாடியில் இரண்டாவதாக வந்தாள். குழுவில் பெயர் வந்தது. அடுத்த நாள் காலை அடுக்குமாடி வீட்டுப் படியில் இறங்க முடியவில்லை. லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை, அதனால்தான் அம்மாவுக்கே தெரிந்தது. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. தசை வீக்கம், ஓடும் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததில் ஆச்சரியமில்லை. இந்த வகைக் காயம் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேக்குப் பெரும்பாலும் சிக்காது. அதற்குப் பிறகும் பல சமயம் சிக்குவதில்லை. ஆனால் 'எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது' என்ற வார்த்தை அவளுக்கு ஓடுவதற்கான அனுமதிச்சீட்டாகிவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னும் மூன்று வாரம் ஓடினாள்.

இரண்டு குறிப்பேடுகள்

சாரின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பயிற்சி நோட்டு வைத்திருப்பார்கள். தேதி, ஓடிய தூரம், நேரம், கடைசிப் பத்தியில் 'உணர்வு' என்று ஒன்று முதல் பத்துவரை ஒரு எண். அவள் நோட்டை வாங்கிப் புரட்டினேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் அந்தப் பத்தியில் எட்டு. ஒரே ஒரு நாள் ஏழு, அன்று சளி.

இப்படி மாறாத எண்ணைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். வேறு எங்காவது எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கைப்பேசியைத் திறந்து நீட்டினாள். அதில் இருந்த குறிப்புகளில் சிலவற்றை அவள் அனுமதியோடு தருகிறேன்:

"டிச 14. படி இறங்கும்போது இடது கால். மேலே ஏறும்போது இல்ல."

"ஜன 6. மூனாவது 400லேருந்து. நாலாவதுல கால மாத்தி ஊனி ஓடுனேன். சார் பாக்கல."

"ஜன 20. படுத்தாலும் வலி. ஐஸ் வச்சேன். அம்மா கேட்டாங்க, கொசுக்கடின்னு சொன்னேன்."

"பிப் 11. விரல் வச்சா அந்த எடம் மட்டும். காசு அளவு."

காயத்தை இதைவிடத் துல்லியமாக எந்த மருத்துவ மாணவரும் எழுத மாட்டார். கடைசி வரியில் இருப்பதுதான் நோயறிதலின் பாதி: தசை வீக்கமாக இருந்தால் எலும்போரமாக ஒரு நீளத்துக்குப் பரவி வலிக்கும், எலும்பிலேயே காயம் என்றால் ஒரு காசு அகலத்துக்கு, அந்த ஓர் இடத்தில் வலிக்கும். வலியைப் பொருட்படுத்தாதவள், வலி தெரியாத அளவுக்கு உறுதியானவள் என்றெல்லாம் சொன்னவர்கள் இந்தக் கைப்பேசியைப் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தேதி வாரியாக. நோட்டில் இருந்த எட்டு, சாருக்குக் காட்டுவதற்கான எண்.

பரிசோதனை

பரிசோதனை சிக்கலானது இல்லை. முழங்காலுக்குக் கீழிருந்து கட்டைவிரலால் எலும்பின் உள்விளிம்பை அழுத்திக்கொண்டே இறங்கினேன். "இங்க இல்லக்கா… இங்க இல்ல… இல்ல…" கீழ்க்காலின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியதும் பேச்சு நின்று கால் தானாக மடங்கியது. அதற்குக் கீழே மறுபடியும் ஒன்றுமில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். வலது காலில் பத்துக் குதி. இடது காலில் ஒன்று, அதுவும் சிரித்துக்கொண்டே. சிரிப்பு பெரிய தடயம்; வலிக்கிற பிள்ளைகள் பிசியோவிடம் சிரிப்பார்கள்.

எம்ஆர்ஐ செலவு அந்த வீட்டுக்குப் பெரிதுதான். சார் பாதி போட்டார். படத்தில் எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்திருந்தது, வெளிப்படலமும் வீங்கியிருந்தது. விரிசல் கோடு இன்னும் விழவில்லை. நான்கு படிநிலை உள்ள அளவுகோலில் மூன்றாவது. காயம் எலும்பின் பின்பக்க உள்விளிம்பில் இருந்தது அதிர்ஷ்டம். அதே எலும்பின் முன்பக்கத்தில் வந்திருந்தால் ஆற மாதக்கணக்கு ஆகும், சில சமயம் அறுவை சிகிச்சை வரை போகும்.

ஓடும்போது எலும்பு தேய்வதும் சரியாவதும் எப்போதும் நடக்கும் வேலை. பழுதான பகுதியை ஒரு வகைச் செல்கள் அரித்து எடுக்கும். வேறு வகைச் செல்கள் புது எலும்பால் நிரப்பும். அரிப்பதற்குச் சில வாரம் போதும். நிரப்புவதற்கு மாதக்கணக்கு வேண்டும். நம் ஊரில் சாலையைத் தோண்டுகிறவர்கள் ஒரு வாரத்தில் தோண்டிவிட்டுப் போவார்கள், தார் போடுகிறவர்கள் மூன்று மாதம் கழித்து வருவார்களே, அதே கதை. தோண்டிய பள்ளத்தின் மேல் இவள் வாரத்துக்கு 65 கிலோமீட்டர் ஓடினாள். தார் போடுகிறவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கவில்லை. சம்பளம் என்றால் சாப்பாடு.

சாப்பாட்டுக் கணக்கு

இங்கே கொஞ்சம் எண்கள் வேண்டும். அவள் எடை 48 கிலோ. கொழுப்பைக் கழித்தால் சுமார் 40 கிலோ. உடற்பயிற்சிக்குச் செலவானது போக மிச்சமிருக்கும் சக்தியில்தான் உடம்பு மற்ற எல்லா வேலையையும் பார்க்க வேண்டும். கொழுப்பில்லாத எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 45 கிலோகலோரி மிஞ்சினால் நல்லது. 30க்குக் கீழே போனால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும்: மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு கட்டுவது மந்தமாகும், சோர்வு கூடும். சர்வதேச ஒலிம்பிக் குழு (ஐஓசி) இந்தக் கோளாறுக்கு ரெட்-எஸ், அதாவது விளையாட்டில் வரும் சக்திக் குறைபாடு, என்று 2014இல் பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும்.

விரதத்தின் கடைசி வாரங்களில் அவள் சாப்பிட்டது நாளுக்குச் சுமார் 1,500 கிலோகலோரி. ஓட்டத்துக்குச் செலவு 550. மிச்சம் 950ஐ 40ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 24. விரதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம் என்றால், மற்ற மாதங்களின் கணக்கும் நன்றாக இல்லை. சாதாரண நாளில் காலை மைலோ, மதியம் வகுப்புக்கு நடுவில் ரொட்டி சானாய் ஒன்று, பயிற்சி முடிந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வீடு சேர இரவு ஒன்பதரை, அப்புறம் அம்மா எடுத்துவைத்த சோறு. கூட்டிப் பார்த்தால் 1,850. அதே வகுத்தல் செய்தால் 32 சொச்சம். ஏற்கனவே விளிம்பில் நின்றவளை விரதம் கொஞ்சம் தள்ளியது, அவ்வளவுதான்.

மாதவிடாய் ஐந்து மாதமாக வரவில்லை. அம்மாவுக்கு அது தெரியும். "ஓடுற புள்ளைங்களுக்கு அப்படித்தானேம்மா இருக்கும்" என்று என்னிடமே சொன்னார். அவர் மட்டுமா சொல்கிறார்? பல பயிற்சியாளர்களும், சில மருத்துவர்களும்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். உடல் தயாராகிவிட்டதற்கு அது அடையாளம் என்று பெருமைப்பட்ட ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். மூன்று மாதம் வராவிட்டாலே காரணம் தேட வேண்டும். இரத்தப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பும் டி வைட்டமினும் குறைவு. இவ்வளவு வெயில் அடிக்கும் நாட்டில் டி வைட்டமின் குறைவா என்று கேட்பார்கள். நம் பெண்களிடம் அது சர்வ சாதாரணம்.

அவர்கள் சொன்னது

கால் ஓரளவு தேறிய பிறகு அவளோடும், அவளுக்கு ஆலோசனை சொன்ன மூத்த ஹர்டில்ஸ் வீரரோடும், சாரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன்.

அவள் தன் கணக்கை ஒளிக்கவில்லை. "சொன்னா சார் ஒரு வாரம் ரெஸ்ட் சொல்வாரு. அந்த ஒரு வாரத்துல எனக்குப் பின்னாடி இருக்கறவ முன்னாடி வந்துருவா. குழுவுல பேர் இல்லன்னா விளையாட்டு ஹாஸ்டல்ல இடம் இல்ல. ஹாஸ்டல் இல்லன்னா தினமும் வீட்டுலேருந்து போகணும், பயிற்சியே முடியாது. அப்பா வேற எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு." ஒரே மூச்சில் சொன்னாள். முன்பே பல தடவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த வரிசை என்று தெரிந்தது. அப்புறம் ஒன்று சொன்னாள்: "பத்துமலையில தலை சுத்துச்சுக்கா, பாதிப் படியில. சித்தி, மாமா எல்லாம் கூடவே வந்தாங்க, யாரோ தெரியாதவங்க தண்ணி குடுத்தாங்க. ட்ராக்குல தலை சுத்துனா வாட்ச்சத்தான் பாப்பாங்க."

எனக்கு இது முக்கியமாகப் பட்டது. தைப்பூசத்தில் வலியைத் தாங்குகிறவரைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். எப்போது தொடங்கியது, எத்தனை நாள் விரதம், எப்போது முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். முகம் வாடினால் உடனே கவனிப்பார்கள். இவளுடைய கால்வலிக்கு இதில் ஒன்றுகூட இல்லை. முடிவு தேதியும் இல்லை. இரண்டையும் சேர்த்து 'தாங்கும் சக்தி' என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

ஹர்டில்ஸ் வீரருக்கு 26 வயது, குழுவில் எல்லோருக்கும் அண்ணன். டேப் எப்படிச் சுற்றுவது, ஓட்டத்துக்கு முன் எந்த மாத்திரையைப் போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆக, ஒருவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அவரும் வெளியே சொல்லவில்லை. கோபப்படலாம் என்று போனேன். அவர் தன் பேன்ட்டைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். இரண்டு அறுவைத் தழும்பு. "எனக்கு யாரும் சொல்லித்தரலக்கா. நானாக் கண்டுபிடிச்சேன். அவளாவது தப்பா மாத்திரை போடாம இருக்கட்டும்னு சொன்னேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது உதவி. குழுவுக்குள் வலியைப் பற்றிய அறிவு நிறையவே இருந்திருக்கிறது. அது கீழே உள்ள பிள்ளைகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, சாரின் காது வரை ஏறவில்லை.

சார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டா சொல்லியிருப்பா" என்றார். தினமும் கேட்டீர்களே சார், அந்தப் பத்தி அதற்குத்தானே என்றேன். "எட்டுன்னு போட்டா எட்டுன்னுதானேம்மா நெனைப்பேன்." நோட்டில் நான்கு போட்டவர்களை அவர் என்ன செய்வார் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். திட்டமாட்டாராம். அன்றைய தொடர் ஓட்டப் பயிற்சியில் கையில் கொடுக்கும் கோலை (பேட்டனை) வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம், அக்கறையோடுதான். அந்த அக்கறைக்குப் பிள்ளைகள் போட்ட விலைதான் எட்டு.

இரண்டு வகை உறுதி

மனத்திடம் என்றதும் நம் ஊரில் முதலில் சொல்லும் பெயர் பினாங்குப் பெண், ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட். 2014 டிசம்பர், கெய்ரோ, உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரில் எகிப்தின் ரனீம் எல் வெலிலி, அவருடைய சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால். நிக்கோல் 1-2 என்று பின்தங்கி, நான்காவது செட்டில் 6-10. ஒரு புள்ளி போனால் எல்லாம் முடிந்தது. நான்கு மேட்ச் பாயிண்டையும் தடுத்து அந்த செட்டை 14-12 என்று எடுத்தார், ஐந்தாவதை 11-5 என்று முடித்தார். எட்டாவது உலகப் பட்டம். சாரின் பிள்ளைகள் எல்லோரும் இந்த ஆட்டத்தை யூடியூபில் பார்த்திருக்கிறார்கள், பார்க்கச் சொன்னதே சார்தான்.

நான் மறுபடி பார்த்தபோது கவனித்தது, 6-10இல் நிக்கோல் எதையும் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. பந்தைப் பின்சுவர் மூலைக்கு அனுப்புகிறார், நடுக்கோட்டுக்குத் திரும்புகிறார், மறுபடி அனுப்புகிறார். அவசரப்படவில்லை. தோற்றால் ஒரு பட்டம் போகும். ஹாஸ்டல் போகாது, உடம்பும் உடையாது. பயிற்சியாளரும் உளவியல் ஆலோசகரும் அவருக்குப் பல ஆண்டாக இருந்தவர்கள். அந்த உறுதி பயிற்சியில் வருவது, கற்றுக்கொடுக்கக் கூடியது. ஜனவரி 6ஆம் தேதி நான்காவது 400இல் காலை மாற்றி ஊன்றி ஓடிய உறுதி வேறு ரகம். முதலாவது ஆட்டத்தை நன்றாக ஆடவைக்கும். இரண்டாவது, ஒரு தகவல் மேலே போகாமல் தடுக்கும். சார் முதலாவதைக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டாவதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் கார் விபத்து, கழுத்தெலும்பில் முறிவு. நாடே செய்தி படித்தது. ஓய்வெடு, மெதுவாக வா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம், 2024இல் லண்டன் கிளாசிக் பட்டம். பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய்க்கு 2018இல் மூக்குப் புற்றுநோய் என்றபோதும் அப்படித்தான். திரும்பி வர முயன்று 2019 ஜூனில் ஓய்வு பெற்றபோது ஒருவரும் குறை சொல்லவில்லை. அவர்களுடைய மனத்திடத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு நாம் உடனே விடுப்புக் கொடுத்துவிடுகிறோம் என்கிறேன். எலும்புக்குள் நீர் கோப்பது கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரேயிலும் தெரியாது. அதற்கு விடுப்பு வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும், கேட்கிறவருக்குச் 'சுணங்கி' என்று பெயர்.

செய்ததும் நடந்ததும்

ஓட்டத்தை முழுக்க நிறுத்தினோம். முதல் இரண்டு வாரம் ஊன்றுகோல், பிறகு வலியில்லாத நடை. நீச்சல்குளத்தில் மிதவைப் பட்டி கட்டிக்கொண்டு ஆழத் தண்ணீரில் ஓடினாள். 400 மீட்டர் பயிற்சிகளின் அதே நேரக் கணக்கைத் தண்ணீருக்குள் வைத்தோம். ஒன்பதாவது வாரம் ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடை என்று தொடங்கினோம். ஊட்டச்சத்து நிபுணர் பெரிதாக ஒன்றையும் மாற்றவில்லை. பயிற்சி முடிந்த உடனே திடலிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக இருந்தார். அம்மா தினமும் ஒரு டப்பாவில் நெத்திலி சம்பலோடு சோறு கட்டித் தந்தார். இரவு ஒன்பதரைச் சாப்பாடு மாலை ஏழுக்கு வந்ததில் நாள் கணக்கு 2,300ஐத் தாண்டியது. நான்காவது மாதம் மாதவிடாய் திரும்பியது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் நிம்மதி தந்த செய்தி அதுதான், பதக்கம் எதுவும் இல்லை.

பதக்கம் இல்லை என்றேன். அவள் பயந்தது அப்படியே நடந்தது. குழுவிலிருந்து பெயர் போனது. அடுத்த இடத்தில் இருந்த பெண் சுக்மாவுக்குப் போனாள். ஹாஸ்டல் இடம் மருத்துவக் கடிதத்தாலும் சார் நேரில் போய்ப் பேசியதாலும் மயிரிழையில் தப்பியது. நவம்பரிலேயே சொல்லியிருந்தால் மூன்று நான்கு வாரத்தில் திரும்பியிருப்பாள், தேர்வையும் ஓடியிருப்பாள் என்பது என் கணிப்பு. ஆனால் நவம்பரில் அவளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது, சொன்னால் ஒரு வாரம் போகும் என்பது மட்டும்தான்.

அதனால் குழுவில் மாற்றியது பிள்ளைகளை அல்ல, விலையை. வலி வந்த முதல் வாரத்திலேயே சொல்லும் பிள்ளையின் இடம், அதாவது தொடர் ஓட்டத்தில் உள்ள இடமும் அடுத்த உள்தேர்வில் உள்ள இடமும், நான்கு வாரத்துக்கு யாருக்கும் போகாது. சாரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஹர்டில்ஸ் அண்ணனிடம் சொன்னால் போதும், அவர் என்னிடம் அனுப்புவார். பிள்ளைகள் ஏற்கனவே அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதை அதிகாரபூர்வமாக்கினோம். நோட்டில் 'உணர்வு' எண் போய், 'எங்கே வலி, எப்போது, ஓடும்போதா முடிந்த பிறகா' என்று எழுதும் பத்தி வந்தது.

சார் இதற்கு எளிதில் சம்மதிக்கவில்லை. நாளைக்கு எல்லாரும் கால் வலி, கை வலி என்று வரிசையில் நிற்பார்கள் என்றார். அதுவும் கொஞ்சம் நடந்தது. முதல் பருவத்தில் வந்தவர்களில் பலருக்கு ஒன்றுமே இல்லை. ஒருத்திக்குப் புது ஸ்பைக் கடித்திருந்தது. ஒரு பையனுக்கு மட்டும் பாத எலும்பில் காயம் ஆரம்ப நிலையிலேயே சிக்கியது. மூன்று வாரத்தில் திரும்பிவிட்டான், இடம் போகவில்லை. இந்தப் பையனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் விதியை நம்பத் தொடங்கினார்கள். சார் இன்னும் முணுமுணுக்கிறார், ஆனால் பேட்டனை மாற்றிக் கொடுப்பதில்லை.

குழுவுக்குள் விலையை மாற்றலாம். தேர்வு ஓட்டம் எங்கள் கையில் இல்லை. ஒரே நாள், ஒரே ஓட்டம், அன்று ஓடாதவருக்கு இடமில்லை என்ற விதி அப்படியே இருக்கிறது. காயம் உறுதியானவர்களுக்கு மறுதேர்வு வேண்டும் என்று கேட்டுச் சாரும் நானும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

அவள் அடுத்த பருவம் 2 நிமிடம் 15 வினாடியில் ஓடினாள், பழைய நேரத்துக்கு ஒரு வினாடி பின்னால். இந்த ஆண்டு விரதத்தைப் பயிற்சி குறையும் மாதத்துக்கு ஏற்ப அம்மாவே மாற்றிக்கொண்டார். சைவம் 48 நாளும் உண்டு, ஒரு வேளை மட்டும் இல்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வலி வந்தால் சொல்வாயா என்று போன மாதம் கேட்டேன். "நாலு வாரம் இருந்தா சொல்வேன். ரெண்டு வாரம்னா…" என்று இழுத்தாள். மறுதேர்வு இல்லாதவரை அவள் கணக்கில் நானும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. தேர்வுக்கு முந்தைய மூன்று வாரமும் வாரம் ஒரு முறை, வலி இருக்கிறதோ இல்லையோ, கட்டைவிரலால் அந்த எலும்பை அழுத்திப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.